அறுபது நொடி

இடைநிறுத்தம் அறுபது நொடி.
முப்பது அவருக்கு, முப்பது எனக்கு.
எழுதாத ஒப்பந்தம்.
நாற்பத்தைந்தை அவர் எடுத்துக்கொள்வார்.

வுகோத்தா ரதோன்யிச்,
மாண்டெநீக்ரோவில் நிக்ஷிச் ஊர்க்காரர்.
ஆறடி எட்டங்குலம்,
இடது முழங்காலில் மூன்று தழும்பு.
ஆகஸ்டில் யமகதாவுக்கு வந்து இறங்கினார்.
உள்ளரங்க வாசலில் காலணியைக் கழற்றச் சொன்னோம்.
விருந்தாளிச் செருப்பு அவர் பாதத்தில் பாதிக்குத்தான் வந்தது.
குதிகால்கள் தரையில் தேய
அன்றே யார்மீதோ கோபமாக நடக்கப் பார்த்தார்.
அந்தச் செருப்பில் யாராலும்
கோபமாக நடக்க முடியாது.

நான் கியோமி. பெல்கிரேடில் நாலு வருஷம் படித்துவிட்டு
பிளம் சாராயக் கம்பெனிக்கு
ஏற்றுமதிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள்.
கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை.

"தடுக்க நிற்கிறீர்களா,
பேருந்துக்கு நிற்கிறீர்களா?
என் செத்துப்போன மாமா
உங்களைவிட வேகமாக ஓடுவார்!"
கழுத்து நரம்பு புடைக்க அவர் கத்துவார்.
"கொஞ்சம் விரைவாகத் திரும்பினால்
உதவியாக இருக்கும்" என்பேன் நான்.
பையன்கள் தலைகுனிந்து சரி என்பார்கள்.
போட்ட கல் குளத்தில் விழுந்த திருப்தியில்
அவர் துண்டால் முகம் துடைப்பார்.

பனி வழிக்கும் வண்டிக்குப் பின்னால்
எங்கள் பேருந்து ஊரும் இரவுகளில்
கேட்காமலே சொல்வார்.
லிமசோலில் இரண்டு பருவம். நல்ல சாப்பாடு.
ப்ளோயெஷ்டியில் ஒரு குளிர்காலம்:
நாலு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
ஆளுக்கொரு சலவை இயந்திரம் கொடுத்தார்கள்.
அதை எப்படி ஊருக்குக் கொண்டுபோவது?
அரை விலைக்கு ஒரு பல் டாக்டருக்கு விற்றாராம்.
முழங்கால் போன கதையை மட்டும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.
"யாரும் தள்ளவில்லை.
தனியாகக் குதித்தேன். தனியாக இறங்கினேன்."
அதன்பின் கழுத்தில் விசில்.
ஏழு நாடு, ஒன்பது ஒப்பந்தம்.
மொழி பெயர்ப்பவள் நான்.
ஊர் பெயர்ந்தே பிழைத்தவர் அவர்.

பதினொன்றாவது தோல்விக்கு மறுநாள்
மேலாளர் குமகாய் எங்கள் இருவரையும் அழைத்தார்.
தேநீர் தானே ஊற்றினார்.
"பயிற்சியாளர் களைத்திருப்பார்.
அவர் ஊர் மலைகளில் இப்போது பனி அழகாக இருக்கும்.
புத்தாண்டைக் குடும்பத்தோடு கழித்தால்
எங்களுக்கும் நிம்மதி."
என் மொழியில் அது கழுத்துக்கு வந்த கத்தி.
அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.
அவர் மொழியில் அது விடுமுறை.
"விடுமுறையா? சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறதே?"
மேலாளர் கோப்பையைக் கால்வட்டம் திருப்பினார்,
சிரித்தார், என்னைப் பார்த்தார்.

நாலு மாதமாய் முள் எடுத்து மீன் பரிமாறியவள்
இப்போது முள்ளை மட்டும்
தட்டில் வைக்க வேண்டும்.
அதற்கு அவர் மொழியில் ஒரே சொல்.
சொன்னேன்.

அறுபது நொடி இருக்கும்.
முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார்.
பிறகு,
"இன்றுதான் நீ சுருக்கமாகப் பேசினாய்" என்றார்.
எழுந்து குமகாய்க்குத் தலைவணங்கினார்,
தேவைக்கு மேலே குனிந்து,
முழங்கால் கடகடக்க.

அடுத்த அக்டோபரில் செய்தி.
பின்லாந்தின் வடக்கே ஏதோ ஓர் ஊர்.
"செருப்பு சரியான அளவில் கிடைக்கிறது.
எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும், ஆள் தேவையில்லை.
நான் சொல்வதெல்லாம் சொன்னபடியே போய்ச் சேருகிறது.
ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி.
பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை.
கியோமி, உண்மையைச் சொல்,
அந்தப் பையன்களிடம் நீ என்னதான் சொன்னாய்?"

சாராயக் கடிதங்களுக்கு நடுவே
அன்று முழுக்க யோசித்தேன்.
விளக்கை அணைக்கும் முன்
பதில் அனுப்பினேன், ஒரே வரி:

கொஞ்சம் விரைவாகத் திரும்பினால்
உதவியாக இருக்கும்.